அவருக்கு ஒரு மஃப்ளர்

அத்தியாயம் 14

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்கள். நம் பெரியவள் ஒரே ஒரு வார்த்தையைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அந்த வீட்டின் இரண்டு பெண்களில் மூத்தவள். முப்பத்தொன்பது வயதாகியும் எல்லோருக்கும் 'பெரியவள்'தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. கணவனை விட்டு அம்மா வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை, வேறு பெண் பக்கம் திரும்பியதும் இல்லை. பேசியதும் இல்லை. ஒன்பது வருஷம் அந்த வீட்டில் 'உப்பு போதலை', 'சாவி எங்கே' என்பதற்கு மேல் ஒரு பேச்சு நடக்கவில்லை. மூச்சு முட்டி வெளியே வந்தாள். இருவரும் சம்மதித்துப் பிரிகிற மனுவை மூன்று தடவை அவருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டாள். மூன்றும் போன இடத்திலேயே தங்கிவிட்டன. அவருடைய அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் இத்தனை நாளாகக் காத்திருக்கிறாள்.

காத்திருந்த காலத்தில் சும்மா இருந்தாளா என்றால், கடைசி மூன்று வாரமாக இல்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு மஃப்ளர் பின்னிக்கொண்டிருக்கிறாள். வாழ்க்கையில் முதல் மஃப்ளர். அடர்நீலக் கம்பளி நூல். கடை இருக்கிற கட்டடத்துக்கு லிஃப்ட் ரிப்பேருக்கு வருகிற மெக்கானிக், வெறுங்கழுத்தோடு அந்தக் குளிரில் இருமுவதைப் பார்த்த அன்று வாங்கியது. இந்த விஷயம் லிஃப்ட்காரருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு கண்ணியில் தொடங்கிய மஃப்ளரில் எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா கேட்டாள்.

"யாருக்குடி இது?"

"அவருக்குத்தான்மா. நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு..."

அவ்வளவுதான். நம் வீடுகளில் ஒரு பெண் பேர் சொல்லாமல், முறை சொல்லாமல், வெறுமனே 'அவர்' என்றால் அது உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் குறிக்கும். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த அம்மாவுக்கு அவல் கிடைத்தது. சத்தம் காட்டாமல் எழுந்துபோய் போனை எடுத்தாள்.

பெரியவள் ஐம்பத்தொன்று வரை எண்ணி முடித்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை வீடு வீடாக இல்லை. முன்னறை நாற்காலிகளுக்கு உறை மாற்றியிருந்தது. ஜன்னல் கம்பிகளைத் துடைத்திருந்தது. அம்மா முழங்கால் வலியைக்கூட மறந்து ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"யாரும்மா வர்றாங்க?"

"தெரியாத மாதிரி கேளு. மாப்பிள்ளைதான் வர்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு."

பெரியவள் கையிலிருந்த டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அவரு எதுக்கு வர்றார்?"

"நீ அவருக்கு மஃப்ளர் பின்றன்னு சொன்னேன். ரெண்டு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம் 'வரேன் அத்தை'ன்னார். நாலு வருஷத்துல அந்த மனுஷன் எங்கிட்ட பேசினதே அதுதான்." அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியும்டி. வாய் வேணாம்னு சொல்லும், கை பின்னும்."

"அம்மா, அது வந்து..."

"என்ன வந்து?"

அது அவருக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். மூன்றே வார்த்தை. ஆனால் அடுத்த நொடி அம்மா ஸ்டூலிலிருந்து இறங்கி, அப்போ வேற எந்த ஆம்பளையைடி 'அவர்'னு சொன்ன என்று கேட்பாள். அதற்கு என்ன பதில்? பெரியவளுக்கே இப்போதுதான் உறைத்தது. லிஃப்ட்காரரை மனசுக்குள் எப்போதிலிருந்து 'அவர்' என்று கூப்பிடுகிறாள்? போன மாதமா? அதற்கு முன்னாலா? அவளைக் கேட்காமல் நாக்கு ஒரு முடிவு எடுத்துவிட்டு, அதை அம்மாவிடம் வேறு சொல்லிவிட்டது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"டீ ஆறிடுச்சு," என்று சொல்லிவிட்டு, மஃப்ளரை ஊசியோடு பையில் திணித்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள். வீட்டில் விட்டுப் போனால் அம்மா அதைப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டிவிடுவாள் என்ற பயம்.

*

கடையில் முதல் வேலையே கோணிப்போனது. ஒரு கணக்கு வாத்தியாரின் லென்ஸ். சட்டத்தின் அளவை வைத்துக்கொண்டு சக்கரத்தில் தேய்த்தாள். தண்ணீர் சொட்ட எடுத்துப் பொருத்திப் பார்த்தால், லென்ஸ் சட்டத்துக்குள் நிற்காமல் அந்தப் பக்கம் விழுந்தது. அரை மில்லிமீட்டர் அதிகம் தேய்த்திருக்கிறாள். ஆறு வருஷத்தில் இப்படி ஆனதில்லை.

விழுந்த லென்ஸை ஓரமாக வைத்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் மஃப்ளரை மேஜைமேல் விரித்தாள். தொடங்கிய இடத்தில் ஒரு சாண் அகலம். இப்போது பின்னிக்கொண்டிருக்கிற இடத்தில் ஒன்றே முக்கால் சாண். வீடியோவை மறுபடி ஓட்டியபோதுதான் குட்டு உடைந்தது. இடையிடையே சில வரிசைகள் தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் போட்டிருக்கிறாள். அதனால் முதல் கண்ணி ஒன்று, பார்வைக்கு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. அவளும் இரண்டையும் பின்னியிருக்கிறாள். ஊரார் கண்ணுக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்தால் சரிசெய்து அனுப்புகிற கடையில் வேலை பார்க்கிறவள்!

தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"மூணாவது மாடியில நின்னுடுச்சு உங்க லிஃப்ட். சரி பண்ணிட்டேன்," என்றபடி உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது, தனிக்கட்டை. விரல் நகத்தில் எப்போதும் கிரீஸ். "அப்படியே இதையும்..."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். காது பக்கத்து ஸ்க்ரூ காணவில்லை.

"மறுபடியுமா?"

"எப்படித்தான் கழலுதோ தெரியல மேடம்."

இந்த மாதத்தில் இது ஐந்தாவது தடவை. தானாகக் கழலுகிறதா, கழற்றி எறிந்துவிட்டு வருகிறாரா என்று பெரியவளுக்கும் தெரியவில்லை. கேட்டதும் இல்லை. குனிந்து புது ஸ்க்ரூவைத் தேடினாள். அதற்குள் அவர் கண் மேஜைமேல் போய்விட்டது.

"இது என்ன, துண்டா?"

"மஃப்ளர்."

"இவ்ளோ அகலமாவா?"

"ஆரம்பத்துல ஒல்லியாத்தான் இருந்தது."

"நாமளும் அப்படித்தானே இருந்தோம்," என்று தன் வயிற்றைத் தட்டிக்கொண்டார். பிறகு ஒரு விரலால் கம்பளி ஓரத்தைத் தொடப் போனவர், கிரீஸைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "யாருக்கு?"

உங்களுக்குத்தான். ஒரே ஒரு வார்த்தை. குளிக்கும்போதும் பஸ்ஸிலும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வார்த்தை. வாயைத் திறந்தாள்.

"ஒருத்தருக்கு," என்றாள்.

"ஓ." அவர் இருமினார். "குடுத்து வச்ச மனுஷன்."

நேற்று வேண்டாத இடத்தில் பட்டென்று ஓடிய நாக்கு இன்று வேண்டிய இடத்தில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பெரியவள் ஸ்க்ரூவைத் திருகினாள். ஒரு சுற்று போதும் என்ற இடத்தில் மூன்று சுற்று திருகினாள்.

"நமக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை கிடையாது மேடம்," என்றார் அவர், பேச்சை எப்படியாவது நடத்திவிட வேண்டும் என்பது போல. "மேல மோட்டார் ரூம்ல சக்கரம் ஓடும், கயிறு ஓடும். தொங்கற எதையும் அது விட்டு வைக்காது. மஃப்ளர், டை, கழுத்துச் செயின், எதுவும் கூடாது. வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொல்லிடுவாங்க."

பெரியவளின் கை நின்றுவிட்டது. மூன்று வாரமாக, விரல் நுனி காய்த்துப்போகும் அளவுக்கு, மீனுக்குக் குடை பின்னியிருக்கிறாள்.

"அப்ப... போடவே மாட்டீங்களா?"

"வேலை நேரத்துலதான். ஞாயித்துக்கிழமை என் கழுத்து எனக்கு." சிரித்தார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். கதவு வரை போனவர் திரும்பி, ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி நின்று, "இந்தத் தடவை நல்லா இறுக்கிட்டீங்க போலிருக்கே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவள் அந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கழுத்தில் எதுவும் போட முடியாது என்றால் வேண்டாம் என்று அர்த்தமா? ஞாயிற்றுக்கிழமை என்றால் வேண்டும் என்று அர்த்தமா? அல்லது ஒரு மனிதர் தன் கழுத்தைப் பற்றிச் சாதாரணமாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறாரா?

போன் அடித்தது. தங்கை. கட்டிக்கொண்டு போய்ப் பத்து வருஷமாக இன்னொரு ஊரில் இருக்கிறாள். ஆனால் அம்மா வீட்டில் இலை அசைந்தால் அவளுக்குச் செய்தி போய்விடும்.

"அக்கா! அத்தான் வர்றாராமே? நீ அவருக்கு மஃப்ளர் பின்றியாமே?"

"நான் சொன்னது அவரை இல்லடி."

"எவரை இல்ல?"

"அவரை."

"அப்ப எவரை?"

"அவரைத்தான்."

"அக்கா, எனக்குத் தலை சுத்துது. 'அவர்'னு இன்னொருத்தர் இருக்காரா?"

பெரியவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, மூன்று மாதக் கதையை மூன்று நிமிஷத்தில் சொன்னாள். லிஃப்ட் தன்னை உள்ளே வைத்து இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அன்று, மேலே இடுக்கு வழியாக நாற்பது நிமிஷம் அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்ததைச் சொன்னாள். ஒன்பது வருஷத்தில் கேட்காத பேச்சை அந்த நாற்பது நிமிஷத்தில் கேட்டதாகச் சொன்னாள்.

"சரி, அவர் என்ன சொல்றார்?"

"ஞாயித்துக்கிழமை அவர் கழுத்து அவருக்காம்."

"அப்படின்னா?"

"அதுதான்டி எனக்கும் தெரியல."

தங்கை பெருமூச்சு விட்டாள். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாயிடப் போகுதுக்கா. முதல்ல அத்தான்கிட்ட கையெழுத்தை வாங்கு. இல்ல, வாங்காத. ஐயோ, எனக்கே என்ன சொல்றதுன்னு தெரியல." வைத்துவிட்டாள்.

*

சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஷூ இருந்தது. இரண்டும் ஸ்கேல் வைத்து அடுக்கிய மாதிரி நேராக. மாப்பிள்ளை கட்டட வரைபடம் போடுகிறவர். செருப்பைக்கூடக் கோணலாக விடத் தெரியாது.

உள்ளே அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது. மடியில் ஒரு நீளமான ஃபைல். பெரியவளைப் பார்த்ததும் எழுந்தார், உட்கார்ந்தார்.

"வந்துட்டியா? காட்டுடி மாப்பிள்ளைக்கு," என்று அம்மா அவள் தோளிலிருந்து பையையே பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னும் முடியலம்மா. விடும்மா."

"முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன. பாருங்க மாப்பிள்ளை, எவ்ளோ அகலம்! மனசு அவ்ளோ பெருசு." சொல்லிக்கொண்டே அம்மா அதை அவர் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றினாள். பின்னாத மிச்சக் கண்ணிகளோடு ஊசி அவர் நெஞ்சில் தொங்கியது; நூல்கண்டு உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது. அவர் அசையாமல் நேராக உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்கு அத்தை."

அம்மாவுக்கு அது போதும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போட உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் அவர் மஃப்ளரை மெதுவாகப் பிரித்து எடுத்தார். ஊசி நழுவாமல், ஒரு கண்ணிகூட விடாமல், கவனமாக மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு கழுத்தைச் சொறிந்தார். சட்டைக் காலருக்கு மேலே பட்டையாகச் சிவந்திருந்தது.

"கம்பளி எனக்கு ஒத்துக்காது," என்றார். "உனக்குத் தெரியும்."

தெரியும். கல்யாணமான முதல் வருஷம் ஆசையாக ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்து, ஒரே நாளில் கழுத்திலிருந்து மார்பு வரை தடித்துப்போய், விடிய விடிய மருந்து தடவிவிட்டவள் அவள்தான். அது எப்படி மறந்தது? காலையிலிருந்து ஆயிரம் யோசித்தாள், இது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. பெரியவளுக்கு ஏனோ வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

"அத்தை போன்ல சொன்னப்பவே தெரிஞ்சுடுச்சு எனக்கு இல்லன்னு. நீ மறக்கற ஆள் இல்ல."

மறந்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"யாருன்னு கேக்க."

"அவருக்கே இன்னும் தெரியாது."

"உனக்காவது தெரியுமா?"

"காலைல வரைக்கும் தெரிஞ்ச மாதிரி இருந்தது."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை அவர்களுக்குள் எப்போது நடந்தது என்று பெரியவளுக்கு நினைவில்லை. அவர் ஃபைலின் நாடாவை அவிழ்த்தார்.

"பேரைச் சொல்லு. இன்னிக்கே கையெழுத்து போட்டுடறேன்."

நாலு வருஷமாக ஏங்கிய வாக்கியம். வந்துவிட்டது. ஆனால் சந்தோஷத்துக்குப் பதிலாக அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது கோபம்.

"எதுக்குப் பேரு? யாரும் இல்லன்னாலும் போடுங்க. இன்னொரு ஆம்பளை வந்து நின்னாத்தான் நான் போகலாமா? மூச்சு முட்டுச்சு, வந்துட்டேன். அது காரணம் இல்லையா உங்களுக்கு?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. பெரியவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

அவர் ஃபைலைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பழைய ஆள்தான், இனி வாய் திறக்க மாட்டார் என்று அவள் நினைத்தாள். ஃபைலிலிருந்து மூன்று மனுக்களையும் எடுத்து, மேஜைமேல் வரிசையாக வைத்தார். மூன்றிலும் கடைசிப் பக்கம். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவள் பென்சிலால் போட்டு அனுப்பிய பெருக்கல் குறி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு, காலியாக. அவர் அந்தக் காலி இடத்தில் விரலை வைத்தார்.

"இது யாரோட இடம்?"

பெரியவள் குனிந்து பார்த்தாள்.

"என்னோடது."

"மூணுலயும் காலி. என் இடத்துல மறக்காம குறி போட்டிருக்க. உன் இடத்துல நீ போடல. ஒரு தடவைன்னா மறதின்னு விடலாம். மூணு தடவை." அவர் நிமிராமலே பேசினார். "நீ போட்டு அனுப்பியிருந்தா நான் அன்னிக்கே போட்டிருப்பேன். உனக்கு இன்னும் மனசு வரலன்னு நினைச்சேன். அதான் பேரைக் கேட்டேன். பேர் சொன்னா முடிவு பண்ணிட்டன்னு அர்த்தம்."

மூன்று உறையையும் அவளே ஒட்டினாள். மூன்று தடவையும் தபால் பெட்டி வரை அவளே நடந்தாள். இந்தக் கோடு கண்ணில் படவே இல்லையா? பட்டும் விட்டாளா?

"இதை நீங்க எங்கிட்ட அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருக்கலாம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "கேட்டிருக்கணும்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முதல் மனுவில், பென்சில் குறிக்கு மேலேயே கையெழுத்துப் போட்டார். மையை ஊதவில்லை, அவசரப்படவும் இல்லை. காகிதத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்தாள். முனையைக் கோட்டின் மேல் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

இருபத்தாறு வயது வரை அவள் பேருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து. கல்யாணமான வாரமே அதை எடுத்துவிட்டு இவருடைய எழுத்தைப் போட்டுக்கொண்டாள். பேங்கில், கடை வருகைப் பதிவேட்டில், வீட்டுக்கு வரும் ரசீதுகளில், பதிமூன்று வருஷமாக அதுதான் அவள் கையெழுத்து. கை தானாக அந்த எழுத்தின் வளைவை நோக்கிப் போனது. இவரை விட்டுப் போகிறேன் என்று எழுதுவதற்கும் முதலில் இவரையே எழுத வேண்டுமா? வேண்டாம் என்றால் அப்பாவையா? அப்பா போயே பதினைந்து வருஷமாகிறது.

"எந்த இன்ஷியல் போடறது?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தெரியல," என்றார்.

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அம்மா டீயோடு வந்துகொண்டிருந்தாள். பேனா முனையிலிருந்து ஒரு சொட்டு மை, அவள் இடத்தில், எந்த எழுத்தாகவும் இல்லாமல் விழுந்தது.